நம்மூருங்களா

...ஆனால் கோடுதான் நேராக வரமாட்டேன் என்கிறது, கரும்பலகையில் அமெரிக்காவின் படத்தை ஒருவழியாகப் போட்டு முடித்து, குறுக்கே இழுத்தால் சாக்பீஸ் ஒடிந்து கோடு சறுக்கிவிட்டது, போகட்டும், அசல் கோடே மனுசன் இழுத்ததுதானே, அதில் என்ன நேர் வேண்டிக் கிடக்கிறது என்று அன்புச்செல்வி அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மிசௌரி சமரசம். மிசௌரி மட்டும் விலக்கு, மற்றபடி மேற்கே சேர்ந்த புது நிலத்தில் இந்தக் கோட்டுக்கு வடக்கே அடிமைகளை வைத்துக்கொள்ளக் கூடாது, தெற்கே வைத்துக்கொள்ளலாம்... மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்த இரண்டாம் வருட வரலாற்று வகுப்பு, பாதிப் பேருக்குக் கண் சொக்குகிறது, அவளுக்கும் வாய்தான் பாடம் நடத்துகிறது, மனசு கைப்பைக்குள் கிடக்கிற போனில். வகுப்பு முடிந்ததும் கிருபாசங்கர் கூப்பிடுவான், கல்யாணத்துக்குச் சரியா இல்லையா என்று இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். சரி என்று சொல்லத்தானே போகிறாய், அப்புறம் என்னத்துக்கு இந்தத் தவிப்பு? அவன் அம்மா தெய்வாத்தாள் வாயைத் திறந்து "உன்ற இஷ்டம் கண்ணு, கட்டிக்க" என்று சொல்லமாட்டாளா என்றுதானே இத்தனை வருசமாக ஏங்கினாய்? நேற்றுச் சொல்லிவிட்டாளாம். காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு ஜவுளிக்கடை வாசலில் நிற்கும்போது அவன் போனில் சொன்னான், அத்தனை ஜனத்துக்கு நடுவே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரே ஒரு கண்டிசனாம். "எங்கூருப் பக்கம் மட்டும் வர வேண்டாம் செல்வி, அம்மா கேக்கறது அவ்வளவுதான். மத்தபடி கோயமுத்தூர்ல ஊடு பாத்து நிம்மதியா இருந்துக்கலாம்." அவ்வளவுதானா, இதுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அப்போது சிரிப்புக்கூட வந்தது.

கோட்டைப் போட்டுவிட்டு ரெண்டு தரப்பும் அப்பாடா என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள், முப்பது வருசத்துக்கு மேல் தாங்கவும் செய்தது, எழுதிக்கொள்ளுங்கள்... முப்பது வருசம் என்றால் கொஞ்சமா? கிருபாவோடு முப்பது வருசம் கிடைத்தால் போதாதா, காலையில் அவன் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போவான், இவள் பின்னாலேயே மாடிப்படி இறங்கி ஓடுவாள், ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துக் குழம்பு வைத்துக்கொண்டு... கிடந்துவிட்டுப் போகட்டும் அந்தக் கோடு. ஆனால் மண்ணாசை சும்மா இருக்குமா? தெற்கே பருத்திக்கு விலை ஏற ஏற இன்னும் நிலம் வேண்டும், இன்னும் அடிமைகள் வேண்டும். மெக்சிகோவோடு சண்டை போட்டு அத்தனை பெரிய நாட்டைப் பிடுங்கிச் சேர்த்தார்கள், சேர்த்த அன்றைக்கே பழைய கேள்வி எழுந்து உட்கார்ந்துகொண்டது, இந்தப் புது நிலம் யார் பக்கம்? புதுசாக ஒன்று வரும்போதெல்லாம் அதே கேள்விதான் என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். ஒரு குழந்தை பிறந்தால்? அது எந்தப் பக்கம்? காதுகுத்துக்குத் தோட்டத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வா என்று தெய்வாத்தாள் ஆசைப்படமாட்டாளா? அவன் குழந்தையை மட்டும் ஈரோட்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவானா, நான் காந்திபுரத்தில் நின்று டாட்டா காட்டுவேனா? அட, கழுத்தில் தாலியே ஏறவில்லை, அதற்குள் காதுகுத்துவரைக்கும் போய்விட்டாயே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அந்த ஈரோட்டு பஸ்ஸில்தானே எல்லாம் ஆரம்பித்தது. பொங்கல் கூட்டம், மோட்டார் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் ஆட எழுந்து இடம் கொடுத்தவன், ஈரோட்டில் இறங்கிக் கொடுமுடி பஸ்ஸைத் தேடினால் அங்கேயும் அவனே நிற்கிறான், இறங்கப்போகிற நிறுத்தமும் ஒன்றேதான். "அட, நீங்களும் நம்மூருங்களா?" என்று கேட்டான் பாருங்கள், அந்த ஒரு சொல்லில்தான் இவள் விழுந்தாள், சத்தியமாக அவன் அழகில் இல்லை. எந்தத் தெரு, யார் வீடு என்று அடுத்த கேள்வி வரும், காலனி என்றதும் முகம் ஒரு மாதிரி ஆகும், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். அவன் கேட்கவே இல்லை. காவேரியில் தண்ணி வந்துருச்சுங்களாமா, மஞ்சள் இந்தத் தடவை என்ன விலைக்குப் போகுதாம் என்று அதையும் இதையும் பேசிக்கொண்டே வந்தான். இவள் அப்பா அங்கப்பன் அவன் வீட்டுத் தோட்டத்திலேயே மஞ்சள் வெட்டியவர் என்று பிற்பாடு தெரிந்தபோதும் அவன் விலகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போதும் அப்பா அங்கேதான், மூட்டு வலியோடு, வேப்பமரத்தடிக் கட்டிலில், இவள் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த வாரம் போகவேண்டும், வெயிலுக்கு முந்தி ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டு... என்னவோ இடறியது, என்னவென்று பிடிபடவில்லை.

பாடத்தில் விட்ட இடம் எது? கான்சஸ். அங்கே இருக்கிற ஜனமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று கோட்டை அழித்துவிட்டார்கள், ரெண்டு பக்கத்து ஆட்களும் துப்பாக்கியோடு அங்கே குடியேறி வெட்டுக்குத்து ஆகிப்போனது. ஒரு பழைய கட்சி உடைந்தது, வடக்கே புதுக் கட்சி முளைத்தது. அந்தச் சமயத்தில்தான் கோட்டுக்கு வடக்கே எஜமானோடு வாழ்ந்துவிட்டு வந்த ஓர் அடிமையின் வழக்கு தீர்ப்புக்கு வந்தது, அங்கே இருந்தவன்தானே நான், எனக்கு விடுதலை உண்டுதானே என்று கேட்டிருந்தான். நீ எங்கே இருந்தாலும் அரசியல் சாசனம் சொல்கிற அந்த மக்களில் சேர்த்தி இல்லை என்று நாட்டின் பெரிய கோர்ட்டே சொல்லிவிட்டது. மூன்றாம் பெஞ்சில் உஸ்மா கையைத் தூக்கினாள், வகுப்பில் தூங்காத ஒரே ஜீவன். "மேடம், ஒரு டவுட்டுங்க. மொத வகுப்புல அவங்க சாசனத்துக்கு 'மக்களாகிய நாம்'னு எழுதிப் போட்டீங்க. கோர்ட்டு இப்பிடிச் சொல்லுதுன்னா அது 'நாங்க'ன்னுல்லங்க இருக்கோணும்? அவனச் சேத்திச் சொல்லலைல்லங்க?" பின்னால் யாரோ சிரித்தார்கள். "இங்கிலீசுல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதாம்மா," என்றாள் அன்புச்செல்வி, "கேக்கறவனைச் சேர்த்துச் சொல்றாங்களா, விட்டுட்டுச் சொல்றாங்களான்னு அதுல தெரியாது. தமிழ்லதான் வாயைத் திறந்ததும் தெரிஞ்சுபோயிரும்..."

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். எங்கூருப் பக்கம் மட்டும் வர வேண்டாம். எங்கூரு என்றல்லவா சொன்னான், என்னிடம், அதே ஊர்க்காரியிடம். நான் எங்கே பிறந்தேன், ஈரோட்டு ஜங்ஷனிலா? நம்மூருங்களா என்று கேட்ட அதே வாய்தானே? கண்டிசன் என்றதும் அவன் வீட்டு வாசலைத்தான் நினைத்தாள், அந்த வாசல் கிடக்கட்டும், ஆனால் ஊருக்கே வரக்கூடாது என்றால் அப்பாவின் வேப்பமரத்துக்கும் சேர்த்தல்லவா கோடு? வேணுமென்றே சொல்லியிருக்கமாட்டான், அவனுக்கு அவ்வளவு வன்மம் கிடையாது, தானாக வந்திருக்கும், அதுதான் இன்னும் மோசம். அம்மாவும் மகனும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டார்கள், என்னை யார் கேட்டது? உஸ்மா இன்னும் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சொல்றதுதாம்மா சரி, நாங்கன்னே வெச்சுக்க," என்றாள், கடைசியில் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாக நாங்கள் தனி என்று கிளம்பிப்போன கதையைச் சொன்னாள், குரல் எங்கோ இருந்தது, மணி அடித்தது.

வராந்தாவில் போன் அடித்தது. "செல்வி, என்ன முடிவு பண்ணுன? அம்மாகிட்டச் சொல்லிப்போடட்டா?" அந்தக் குரலில் இருக்கிற சந்தோசத்தைக் கேட்டதும் சரிங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எத்தனை ஆசையப்பா இவன்மேல், வெட்கங்கெட்ட ஆசை. "ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குப் போறனுங்க," என்றாள். "போயிட்டு வந்து சொல்றேன்."

"ஊருக்கா? எந்த ஊருக்கு?" என்றான் கிருபாசங்கர். கிண்டல் இல்லை, கோபம் இல்லை, நிசமாகவே தெரியாமல்தான் கேட்டான், கல்லூரி வேலையாகத் திருப்பூருக்கோ சேலத்துக்கோ போகிறாள்போல என்று. சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும், நம்மூருக்குத்தானுங்க, அப்பாவைப் பார்க்க என்று சொன்னால் அட ஆமாம் என்று நாக்கைக் கடித்துக்கொள்வான், நல்லவன்தான். ஆனால் நான் சொல்லியா அது அவனுக்கு ஞாபகம் வரவேண்டும்? தானாக வந்துவிடாதா, வந்துவிட்டால் மிச்ச எல்லாவற்றுக்கும் இந்த நிமிசமே சரி என்று சொல்லிவிடுவேனே என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள், பிள்ளைகள் இடித்துக்கொண்டு கடந்துபோனார்கள்.

"செல்வி, லைன்ல இருக்கியா? எந்த ஊருன்னு கேட்டேன்," என்றான் அவன் மறுபடியும்.