மெத்தை கொடுக்க வந்தவர்

அமெரிக்காவின் விச்சிட்டா நகரில், ஆள்கடத்தல்காரர்களிடமிருந்து தப்பி வந்த பெண்களுக்காக வெர்னா ஹோல்காம் ஒரு வீடு நடத்திவந்தாள். அது எந்தத் தெருவில் இருக்கிறதென்று வெளியே யாருக்கும் தெரியாது. நன்கொடைகளைத் தேவாலயக் கூடத்தில் இறக்கிவிட்டுப் போக வேண்டும்.

டட்லி ப்ரைன் என்பவர் அந்த வீட்டுக்குப் புது மெத்தைகள் தர முன்வந்தார். ஒரே நிபந்தனை, அவரே கொண்டுவந்து கட்டிலில் போட்டுக் கொடுப்பார்.

அந்தத் தேவாலயத்தின் பாஸ்டர் கெய்லனுக்கு வாயெல்லாம் பல். "ஏம்மா வெர்னா, தானமா வர்ற மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா?"

"மாட்டப் பாக்கல பாஸ்டர். ஓட்டிக்கிட்டு வர்ற ஆளப் பாக்குறேன்."

மறுநாள் தேவாலயக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டே டட்லி விசாரித்தார். "மாடிக்கு ஏத்தணுமா மேடம்? எத்தன பிள்ளைங்க? ராத்திரி காவலுக்கு ஆள் உண்டா?"

"மெத்தைக்கும் காவலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவர் கண் கலங்கியது. "மறைக்க விரும்பல. என் அக்கா பொண்ணு டெஸ்ஸா. பதினஞ்சு வயசுல வீட்ட விட்டுப் போனவ. அன்னைலருந்து அவ மொகத்த நாங்க பாக்கவே இல்ல. கழுத்துல கிரீடம் பச்ச குத்தியிருக்கும். தூரத்துல நின்னு ஒரு தடவ பாத்தாப் போதும்."

"பாவம், சொல்லிடேன் வெர்னா" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஸ்டர்.

டெஸ்ஸா அந்த வீட்டில்தான் இருந்தாள். வெர்னாவின் மனமும் இளகத்தான் செய்தது. அப்போதுதான் சுருக்கென்றது. அந்தக் கிரீடம் வீட்டிலிருந்தபோது குத்தியதல்ல. அவளை விற்றவர்கள் தங்கள் சரக்கு என்று போட்ட முத்திரை. அன்றிலிருந்து பார்க்காத மாமாவுக்கு அது எப்படித் தெரியும்?

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்படி யாரும் எங்ககிட்ட இல்லீங்க. மெத்தைய வியாழக்கெழம இங்க கொண்டாங்க. வீட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

அவர் போனதும் போலீசை அழைத்தாள். கூடத்துக் கேமராவில் பதிந்திருந்த முகத்தை டெஸ்ஸாவிடம் காட்டினார்கள்.

"மாமாவா? எனக்கு மாமாவே கெடையாது" என்றவள் கழுத்தை இரு கையாலும் பொத்திக்கொண்டாள். "இவன்தான் என்னைய வித்தவன்."

வியாழக்கிழமை வண்டி வந்தது. டட்லி சிரித்துக்கொண்டே இறங்கினான். போலீசார் அவனை அங்கேயே பிடித்தார்கள். மெத்தைகளை வண்டியோடு கொண்டுபோனார்கள்.

ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் தழுதழுத்த குரலில் மறுபடியும் மெத்தை கேட்டார். மேவிஸ் என்ற முதிய விதவை முதல் ஆளாகப் புது மெத்தையொன்றை வண்டியில் ஏற்றி வந்தாள்.

"பிள்ளைங்க எந்தப் பக்கம் இருக்காங்கம்மா? சூடா ஒரு கேக் சுட்டு எடுத்துட்டுப் போய்க் குடுக்கலாமேன்னு கேட்டேன்."

"இங்கயே வெச்சிட்டுப் போங்க மேவிஸ். நான் சேத்துடுறேன்."

கிழவியின் முகம் வாடியது. வெர்னாவுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அந்த வண்டி தெருமுனை திரும்பி மறையும்வரை அவள் மெத்தையைத் தன் வண்டியில் ஏற்றவில்லை.