பெரிதாக்கினால் உடையாத எழுத்து

"2025 மார்ச் 11, செவ்வாய். பாடங்கள் முழுவதையும் படமாகப் போட்டுவிட்டேன். சின்னத் தப்புதான். ஆனால் அவனால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை."

கீர்த்தனா நாட்குறிப்பில் எழுதியதை இரண்டு முறை படித்தாள். 'சின்ன' என்பதை அடித்தாள்.

செங்கல்பட்டில் அவள் மாலையில் இணையப் பக்கம் செய்யக் கற்கும் இடம், பகலில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை. தமிழை அழகாக அடுக்கிப் படமாக்கி ஒட்டிவிடுவது அங்கே எல்லாருக்கும் கைவந்த பழக்கம். அவளும் பாடங்களை ஓர் இணையப் பக்கத்தில் அப்படியே ஒட்டினாள். வெள்ளையின் மேல் வெளிர் சாம்பல் எழுத்து. பார்க்க நன்றாகவே இருந்தது.

படிக்க வேண்டியவன் பரணிதரன். வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். பார்வை மங்கிக்கொண்டே வந்து, இருட்டினால் பஸ் போர்டு தெரியாமல் போக, பொங்கலோடு நின்றுவிட்டான். இப்போது சதுரங்கப்பட்டினத்தில் வீட்டோடு இருக்கிறான். விட்ட பாடங்களைப் பிடித்துவிட்டால் திரும்பி வந்துவிடுவான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். பக்கத்தைச் செய்யத் துணிந்ததே அதற்காகத்தான்.

அன்று மத்தியானம் அவன் ஃபோனில் சிரித்திருந்தான். "இன்னா கீர்த்தனா, பாடமா கோலமா? பெருசாக்குனா கட்டம் கட்டமா உடையுது."

"ஃபோனையே படிச்சுக் காட்டச் சொல்லேன்."

"சொன்னேனே. 'படம்'னுச்சு. அப்பால வாயே தொறக்கல. உன்னாட்டம் ரோஷக்காரி போல."

அந்த வாரம் முழுக்க வகுப்பு முடிந்து வந்ததும் ஒவ்வொரு பாடத்தையும் எழுத்தாகவே தட்டச்சு செய்தாள். சாம்பலைக் கறுப்பாக்கினாள். வரிகளுக்கு இடையே இடம் விட்டாள். வெயிலில் நின்று பக்கத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவனுக்கு எப்படித் தெரியும் என்று அதிலும் பிடிபடவில்லை. ஞாயிறு காலையில் பயந்துகொண்டேதான் அனுப்பினாள்.

சாயங்காலம் அவன் கூப்பிட்டு, நேரே முதல் பாடத்தை வாசிக்க ஆரம்பித்தான். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. ஃபோனின் குரல் இல்லை. அவனே கண்ணால் பார்த்துப் படித்தான். பின்னால் கடல் இரைந்தது.

"தெர்தா?" என்று கடைசியில் கேட்டாள்.

"நல்லா தெர்து. ஒண்ணுதான் பேஜாரு. ரொம்பப் பெருசாக்குனா வரி திரையைத் தாண்டி ஓடுது. ஒவ்வொரு வரிக்கும் தள்ளிக்கினே கீறேன்."

"சரி பண்றேன்."

"அத்த பண்ணிட்டா போதும். இனிமே அம்மாந்தூரம் வர வேணாம்ல? வூட்லேயே படிச்சிப்பேன்."

பஸ் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போகிறேன், திரும்ப ஏற்றியும் விடுகிறேன் என்ற பேச்சு நாக்கு நுனியில் நின்றது. இத்தனை சந்தோஷமாக இருப்பவனிடம் அதை எப்படிச் சொல்வது?

"ஆமா, வர வேணாம்" என்றாள்.

ஃபோனை வைத்தபின் வெகுநேரம் அந்த முதல் பாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்:

"மார்ச் 16, ஞாயிறு. படித்தான். வரமாட்டான். நாளை: எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி திரைக்குள்ளேயே மடியும்படி செய்ய வேண்டும்."