இன்னொரு தடவை சொல்லுங்க

துளசிராமனின் மகள் திருடிவிட்டாள் என்று கடைக்காரர்கள் சொன்னதும் இளமதிக்கு முதலில் வந்தது சிரிப்புதான். சட்டென்று வாயைப் பொத்தி இருமுவதுபோல் சமாளித்தாள்.

சிங்கப்பூரில் ஒரு பெரிய கடையின் மேல்மாடி அறை அது. கும்மிடிப்பூண்டியில் இளமதி வேலை பார்க்கும் மெட்ரிக் பள்ளியிலிருந்து பிளஸ் ஒன் பிள்ளைகள் சிலர் அந்த வருஷம், 2007இல், ஒரு வாரம் அங்கே வந்திருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்து படிப்பது, அடுத்த வருஷம் அவர்கள் கும்மிடிப்பூண்டிக்கு வருவது என்று இரண்டு பள்ளிகளுக்கும் ஒப்பந்தம். துணைக்கு வந்த ஆசிரியை இளமதி.

தேஜஸ்வினி நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே மேஜையில் அவள் பையிலிருந்து எடுத்த சென்ட் பாட்டில். அந்த ஊர்ப் பள்ளியின் ஆசிரியை மிஸஸ் டான் மேனேஜரிடம் தணிவாகப் பேசினார். சின்னப் பெண், விருந்தாளியாக வந்தவள், போலீஸ் வரைக்கும் வேண்டாம் என்றார். பாட்டிலுக்கு உண்டான விலையைக் கட்டச் சொல்லி, இனிமேல் இந்தக் கடைக்குள் வரக் கூடாது என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

"வீட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்றார் மிஸஸ் டான்.

துளசிராமனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பழைய இரும்பு யார்டு. இளமதியின் தம்பி அன்புசெல்வன் அங்கே எடை மேடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யார்டில் காப்பர் காணாமல் போனது. எடுத்தது துளசிராமனின் மச்சான். மாட்டிக்கொண்டது அன்பு. சட்டையைக் கழற்றி, கழுத்தில் 'திருடன்' என்று எழுதிய அட்டையை மாட்டி, லாரிக்காரர்கள் வந்து போகிற வழியில், மத்தியான வெயிலில் நிற்க வைத்தார் துளசிராமன். சாயங்காலம் டிரைவர் ஆசீர்வாதம்தான் தன் சட்டையைப் போட்டுவிட்டு, பொன்னேரிக்கு அப்பால் இருந்த அவர்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அன்றைக்கு வீட்டுக்குள் போன அன்பு அப்புறம் தெருவுக்கே வரவில்லை. பேசி வைத்திருந்த கல்யாணமும் நின்றுபோனது.

இளமதி யாருடைய அக்கா என்று துளசிராமனுக்குத் தெரியாது. டீச்சருக்குத் தம்பி இருப்பானா என்றெல்லாம் அவர் யோசிக்கிற ஆளில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்து, "நம்ம பொண்ண நல்லா பாத்துக்கோ டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். இளமதி தலையை ஆட்டுவாள். வீட்டுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு துணி துவைப்பாள்.

போன் போடும்போது விஷயம் முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள். துளசிராமனின் குரலைக் கேட்டதும் நினைப்பு மாறிவிட்டது.

"இன்னா டீச்சரம்மா? யார்டுல லோடு ஏத்திக்கினு கீறாங்க. சீக்கிரம் சொல்லு."

"உங்க பொண்ணு திருடிட்டா சார். கடையில கையும் களவுமா பிடிச்சுட்டாங்க."

அதுவரைக்கும் அவள் சொன்னதில் பொய்யில்லை.

"இன்னாம்மா சொல்ற? என் பொண்ணா? அவளுக்கு இன்னா கொறச்சல்? போலீசாண்ட குடுத்துட்டாங்களா? அந்த ஊர்ல புடிச்சா வுட மாட்டாங்கன்றாங்களே!"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இளமதி சொல்லவில்லை.

"நான் பேசறதப் பொறுத்துதான் எல்லாம் இருக்கு."

"எவ்ளோ டப்பு வோணும்னாலும் அனுப்பறேம்மா..."

"பணம் வேணாம். நான் எடை மேடை அன்புசெல்வனோட அக்கா. தெரியுதா?"

அந்தப் பக்கம் இரும்பை இரும்பின்மேல் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"யார்டுல இருக்கிற எல்லாரையும் கூப்பிடுங்க. மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. அன்னிக்கு எடுத்தது யாருன்னு அவங்க முன்னால சொல்லுங்க. போனைக் கையிலயே வச்சுக்கினு சொல்லுங்க, நான் கேக்கணும்."

"என் மச்சான் பேர எப்டிம்மா நாலு பேரு முன்னால... ஊட்ல அவன் அக்கா உசுர வுட்டுருவா."

"அப்ப சரி சார். வச்சுடறேன்."

"இரு தாயே, இரு! வச்சுடாத!"

யாரையோ கூவி அழைத்தார். மெஷின் நின்றது. கால்கள் நடந்து வருகிற சத்தம். பிறகு துளசிராமனின் குரல், தொண்டைக்குள்ளிருந்து: "அன்னிக்கு காப்பர் எடுத்தது அன்பு இல்ல. என் மச்சான்தான். எனக்கு அப்பவே தெரியும்."

இளமதிக்கு நன்றாகவே கேட்டது. உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"காதுல விழல. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றாள். மூன்றாம் தடவை அழுகையோடு சொன்னார்.

"ஆசீர்வாதம் அண்ணன் இருந்தா போனை அவர்கிட்ட குடுங்க."

"ஆமா டீச்சர், சொன்னாரு" என்றார் ஆசீர்வாதம். "எல்லாரும் கேட்டோம். பாவம், மண்ணுல குந்திட்டாரும்மா. பொண்ணு வந்துருமான்னு கேக்குறாரு."

"பாக்கலாம்னு சொல்லுங்கண்ணே."

போனை அணைத்து சிம்மைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். சென்னைக்குத் திரும்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. பிள்ளைகள் யாரிடமும் போன் கிடையாது. பள்ளியில் யாராவது பிறகு கேட்டால், வெளிநாட்டு சிம் தகராறு என்று சொல்லிக்கொள்ளலாம்.

தங்கியிருந்த அறைக்குத் திரும்பியதும் தேஜஸ்வினி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா மிஸ்? அடிப்பாரா?"

"அடிக்க மாட்டார். போய்ப் படு."

அந்தப் பெண்ணின்மேல் அவளுக்குத் துளியும் கோபமில்லை. தலைவலி என்றதும் மாத்திரை கொடுத்தாள். மற்ற பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். படுத்த பிறகு, மண்ணில் உட்கார்ந்திருக்கும் துளசிராமனை நினைத்துப் பார்த்தாள். இன்றைக்குத் தூக்கம் வராது அவருக்கு, நாளைக்கும் வராது என்று நினைத்தபோது அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெற்றோர்கள் மாலைகளோடு நின்றார்கள். துளசிராமன் சவரம் செய்யாத முகத்தோடு முன்னால் ஓடிவந்து மகளின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போலீசு இன்னா பண்ணாங்கம்மா?" என்றார், வாய்க்குள்ளேயே.

"எந்த போலீஸ்ப்பா? அப்பவே விட்டுட்டாங்களே. மிஸ் கூடத்தானே இருந்தாங்க."

துளசிராமன் நிமிர்ந்து இளமதியைப் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை. அவருடைய கை முறுக்கிக்கொண்டதையும் பார்த்தாள். சுற்றிலும் இத்தனை பேர். ஒரு வார்த்தை கத்தினாலும் மகளின் பேர் சந்திக்கு வந்துவிடும். அவரால் விழுங்கத்தான் முடிந்தது. அவர் விழுங்குவதை இளமதி நின்று நிதானமாகப் பார்த்தாள்.

அப்போதுதான் அவர் மனைவி மணியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத முகம். இளமதியின் கை இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எந் தம்பி பண்ண தப்பையும் மனசுல வச்சுக்காம எம் பொண்ணக் காப்பாத்திக் குடுத்தியேம்மா. நல்லா இருப்ப நீ."

இளமதி கையை உருவிக்கொண்டாள். டிராலியைத் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

மாதம் முடிவதற்குள் பள்ளியில் அவளை நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வீட்டில் அன்புவுக்கு ஆசீர்வாதம் மூலம் முன்பே தெரிந்திருந்தது. அவள் சிங்கப்பூரிலிருந்து வந்த அன்று சோற்றைப் பிசைந்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டான். அவன் சாப்பிட்டுக்கொண்டே பேசி அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"அந்தப் பொண்ணு பேரு வெளிய வந்துச்சாக்கா?"

"இல்ல. பொண்ணு திருடினதை அந்தாளு அங்க சொல்லல. நானும் யாருகிட்டயும் சொல்லல."

"யார்டுலதான் சொல்லிட்டான் இல்ல? அப்புறம் ரெண்டு நாளு போனை எதுக்கு ஆஃப் பண்ணி வச்ச?"

இளமதி குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள்.

"அது எனக்கு" என்றாள்.

அன்பு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மறுபடி பிசைந்து சாப்பிட்டான். பொங்கல் கழிந்து வேறொரு யார்டில் அவனுக்கு எடை மேடை வேலை கிடைத்தது. இளமதி வேப்பம்பட்டில் ஒரு சின்னப் பள்ளியில் சேர்ந்தாள். சம்பளம் குறைவு, ரயில் மாறிப் போக வேண்டும். போகிற வழியில் எப்போதாவது மணியம்மாளின் முகம் நினைவுக்கு வந்தால், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.