மேல்சாலைக்கு ஏழு பேர்

மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில், வெர்மான்ட் மலையூர் ஒன்றின் பள்ளிக்கூட மண்டபத்தில் வருடாந்திர ஊர்க்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருந்த வெர்னா டாட்ரோவுக்கு ஒரே ஒரு கவலைதான். அடுத்த குளிர்காலம் முதல் அவள் வீட்டுக்குப் போகிற மேல்சாலையில் பனி தள்ளுவதை ஊர் நிறுத்திவிட்டால் அவள் புருஷன் கிளைட் செத்துப்போவான். ரத்தம் சுத்தம் பண்ண வாரம் மூன்று தடவை அவனை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். பனி மூடினால் வண்டி இறங்காது.

நிறுத்தச் சொன்னவர் லாத்ரப். நியூயார்க்கில் சம்பாதித்து, இங்கே பெரிய வீடு கட்டி, போன வருடம்தான் ஓட்டுரிமை வாங்கினவர்.

"ஒரே ஒரு வீட்டுக்காக ஊர் வரிப்பணம் போகுது. மத்தபடி எனக்கு யார் மேலயும் கோபம் இல்லீங்க" என்றார்.

இப்படிப் பேசுகிறவனை நம்பவே கூடாது.

ஊர்க்கூட்டத்தில் பணக்காரனுக்கும் மாடு கறக்கிறவனுக்கும் ஒரே குரல்தான் என்று பெருமையடிப்பார்கள். பாதி ஊருக்குக் கூலி கொடுக்கிறவர் முன்வரிசையில் இருந்துகொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தால் குரல் எங்கிருந்து வரும்? கூட்டத் தலைவர் ஹாலிஸ் பெரின், "மிஸ்டர் லாத்ரப் கொண்டுவந்த தீர்மானம்" என்று சொல்லி வாய்வழி ஓட்டுக் கேட்டார். முன்னால் 'சரி' என்று இடி விழுந்தது. பின்னால் 'வேண்டாம்' என்று இருமுவது போல முனகினார்கள்.

"தீர்மானம் நிறைவேறிச்சு."

வெர்னா எழுந்தாள். "தலைவரே, சீட்டுல எழுதிப் போடுற ஓட்டு வேணும்."

"அட, உக்காரு வெர்னா. சாப்பாட்டுக்கு வெச்ச பீன்ஸ் ஆறுது."

"அவரை மிஸ்டர் லாத்ரப்னீங்க. நான் மிஸஸ் டாட்ரோ. சீட்டு வேணும்."

பெரின் முகம் சிவந்தது. "சட்டப்படி ஏழு பேர் எந்திரிச்சுக் கேக்கணும், மிஸஸ் டாட்ரோ. நீங்க ஒருத்தர்தான்."

"நான் நிக்கிறேன். மத்தவங்க வரட்டும்."

பால்பண்ணைக் கிழவர் ஒருவர் மகனோடு எழுந்தார். டவுன் சாலையோரத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் எழுந்தார்கள். சாப்பாடு பரிமாற வந்திருந்த ஐடா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். லாத்ரப் வீட்டுச் சமையல்காரி அவள்.

"என்னய்யா பாக்குறீங்க? எனக்கு இன்னிக்கு லீவு" என்றாள்.

"ஆறு பேர். பத்தாது" என்று பெரின் சுத்தியலை எடுத்தார்.

"பொறுங்க. நான் இன்னும் உக்காரல."

வெர்னா கெஞ்சவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் பார்வை பட்டவர்களெல்லாம் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. லாத்ரப் வீட்டுக்குச் சிம்னி கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் ரூஃபஸ் எழுந்தான்.

"முதுகு வலிக்குது" என்றான்.

"வலியா, ஓட்டா?" என்று கேட்டார் பெரின்.

"ரெண்டும்தான். எழுதிக்குங்க."

"சிம்னி பாதியில நிக்குது, ரூஃபஸ்" என்றார் லாத்ரப், கோபமே இல்லாமல்.

"நானும் நின்னுட்டேனே, சார்."

சீட்டு கொடுத்தார்கள். பரீட்சைப் பிள்ளைகள் மாதிரிக் கையால் மறைத்து மறைத்து எழுதினார்கள். எழுந்து நிற்கத் தைரியமில்லாதவன்கூட மறைவில் மனுஷனாகிவிட்டான். எண்ணி முடித்தபோது தீர்மானம் படுதோல்வி. மேல்சாலை பிழைத்தது.

சாப்பாட்டு வரிசையில் ரூஃபஸ் அவள் பின்னால் வந்து நின்றான். "என் சிம்னி வேலை போச்சு, வெர்னா. இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு."

வெர்னா அவன் தட்டில் பன்றிக்கறியை இரண்டு துண்டாக வைத்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது.

"அடுத்த மார்ச்சுல மறுபடியும் இதைக் கொண்டுவருவாரு. நீயும் நானும் முன்வரிசையில உக்காருவோம்" என்றாள்.