நிவெஸ் இரண்டாம் முறை விஷம் குடித்தாள்

நிவெஸ் செத்துக் கிடந்தாள். மேடைத் தூசி மூக்கில் ஏறித் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காதை மட்டும் மேல்மாடிப் பக்கம் வைத்திருந்தாள்.

கதை ஊருக்கே தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் படிக்கவைத்த பழைய நாவல், அதை ஓபராவாக்கியிருந்தார்கள். காதலன் போரில் மாண்டுபோனான் என்று நம்பி மில்காரன் மகள் விஷம் குடிக்கிறாள். குடித்து முடிக்கவும் அவன் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருக்கிறது. ஆகவே முடிவைப் பற்றி யாருக்கும் பதைப்பில்லை. அவன் மடியில் சாகும்போது பாடுகிறாளே, அந்த உச்ச சுரம் ஒழுங்காக விழுமா என்பதுதான் பதைப்பு.

மூன்று வருஷத்துக்கு முன் விழவில்லை. இதே மேடை, இதே பாட்டு, குரல் உடைந்தது. உடனே மேல்மாடியிலிருந்து விசில் பறந்தது. அந்த ஊரில் விசில் என்றால் பாராட்டு இல்லை, முகத்தில் காறித் துப்புவது. முதல் விசில் அடித்தவன் வேறு யாருமில்லை, பன்றித்தொடைக்கு உப்புப் போட்டு விற்கும் அமில்காரே. அவளுடைய சொந்தப் புருஷன்!

"பொண்டாட்டிங்கிறதுக்காகக் காது செவிடாயிடுமா? தப்புன்னா தப்புதான்," என்றான் வீட்டுக்கு வந்து, பாவி.

"நல்லாயிரு. இனி இந்த வீட்டுல என் பாட்டுச் சத்தம் கேக்காது."

சமைத்தாள், சிரித்தாள், சண்டை போட்டாள், பக்கத்தில் படுத்தாள். பாட்டு மட்டும் வெளியூருக்குத்தான். பாத்திரம் கழுவும்போது ஒரு முணுமுணுப்புகூட இல்லை. மூன்று வருஷம் கழித்து இன்றுதான் மறுபடி உள்ளூர் மேடை. காலையில் அவன் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"விசிலடிப்பியா?"

"நீ பாடுறதப் பொறுத்து."

"மனுஷனா நீ!" பொத்தானை நூலோடு அறுத்து அவன்மேல் எறிந்தாள்.

இப்போது சுரம் விழுந்துவிட்டது. விழுந்தது என்று அவளுக்கே தெரியும். ஆனால் அரங்கில் ஒரு சத்தமில்லை. எல்லோரும் அமில்காரேயின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"பிஸ்!" என்று ஒரு கத்தல். அழுகையில் கரகரத்த அவன் குரல். "பிஸ்! எந்திரிடீ, இன்னொரு தடவ!"

அரங்கே அதிர்ந்தது. பிஸ் என்றால் மறுபடி பாடு என்று அர்த்தம். பாட்டுப் பிடித்துவிட்டால் அங்கே செத்தவளையும் விடமாட்டார்கள். அவளை மடியில் போட்டு அழுதுகொண்டிருந்த காதலன் வேஷக்காரன் துல்லியோ குனிந்தான்.

"மறுபடி சாகணுமாம். எந்திரிங்கக்கா."

"இருடா தம்பி. மூணு வருஷம் காத்திருந்தேன், இன்னுங் கொஞ்சம் கத்தட்டும்." கண்ணைத் திறக்கவில்லை.

"நிவெஸ்! உன் கால்ல வேணா விழறேன்டீ!"

அரங்கு சிரிப்பில் குலுங்க, அவள் எழுந்தாள். எழுந்ததும் அடக்கிவைத்த தும்மல் வெடித்தது. "நூறு வயசு இரு தாயி!" என்று மேல்மாடி முழுவதும் கத்தியது. துல்லியோ மறுபடி கதவுக்குப் பின்னால் ஓடினான்.

வாத்தியங்கள் தொடங்கின. நிவெஸ் கோப்பையை எடுத்து நிமிர்ந்து பார்த்தாள். மேல்மாடிக் கம்பியில் அமில்காரே பாதி உடம்பைத் தொங்கவிட்டபடி, பொத்தானில்லாத கோட்டோடு கை தட்டிக்கொண்டிருந்தான். அவன் பக்கமாகக் கோப்பையை உயர்த்திக் காட்டிவிட்டு, ஒரே மடக்கில் விஷத்தைக் குடித்தாள்.