உள்ளே என்று சொன்ன பந்துகள்

முதல் சந்தேகம் செங்கல்வராயன் மேல் வந்தது.

நான் போட்ட சர்வ், எதிர்ப் பக்கக் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி விழுந்தது. வலைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது. அவருக்கு அது ஐந்தடி தூரம். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உள்ள" என்று சொல்லிவிட்டு இடம் மாறி நின்றார்.

செங்கல்வராயன் தையூர்க்காரர். ஐ.டி. அலுவலகங்களுக்கு வேன் விடுகிறார். எங்கள் அடுக்ககத்தில் இரண்டு வீடு அவருடையது. எதையும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. பார்க்கிங்கில் அரையடி இடத்துக்காகச் சங்கத்தோடு ஒரு வருடம் சண்டை போட்டவர். அவர் எனக்கு ஒரு பாயின்டைச் சும்மா கொடுத்தார்.

கேளம்பாக்கத்தில், எட்டு பிளாக்குகளுக்கு நடுவில் இருக்கும் ஒற்றை டென்னிஸ் கோர்ட் எங்களுடையது. ஆடுகிறவர்கள் பதினாறு பேர். நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அடித்தவன் வாயைத் திறக்கக் கூடாது. வேலி ஓரம் ஒரு தரவரிசைப் பலகை தொங்கும். மேலே இருப்பவனைத் தோற்கடித்தால் அவன் இடம் கிடைக்கும். முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள், பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் நடத்தும் இரட்டையர் போட்டிக்கு எங்கள் அடுக்ககத்தின் சார்பில் போவார்கள்.

ஜோயல் முதல் இடத்தில் இருந்தான். நான் இரண்டாவது. ஆறு மாதத்துக்கு முன்பு நான் பதினான்காவது.

என் மனைவி அனு இறந்து பத்து மாதம் ஆகிறது. ஒன்பது நாள் காய்ச்சல். முதல் மூன்று மாதம் நான் கீழே இறங்கவில்லை. நான்காவது மாதம் ஒரு நாள் மட்டையை எடுத்துக்கொண்டு போனேன். எட்டு டபுள் ஃபால்ட் போட்டேன்; எட்டு முறை, இரண்டு சர்வும் தப்பி பாயின்ட் போனது. பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கடுத்த வாரத்திலிருந்து ஜெயிக்க ஆரம்பித்தேன்.

இது எப்படி என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை. செங்கல்வராயன் "உள்ள" என்று சொன்ன பிறகு யோசித்தேன். பிறகு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது.

தினமும் மாலை ஐந்தே முக்காலுக்கு என் வீட்டு மணி அடிக்கும். ஒரு நாள் ஜோயல், ஒரு நாள் பிரவின்குமார், ஒரு நாள் வேறு யாராவது. "ஆட ஒரு ஆள் குறையுது, வா." பதினாறு பேர் இருக்கிற இடத்தில் ஆறு மாதமாகத் தினமும் ஒரே ஓர் ஆள் குறைகிறது. ஒருவர் வந்த நாளில் இன்னொருவர் வந்ததில்லை. முறை வைத்து வருவது மாதிரி.

நான் வேலிக்குள் நுழையும்போது பேச்சு நின்றது. பிறகு எல்லோரும் கிரிக்கெட் பற்றிப் பேசினார்கள்.

ஜோயலின் கருத்துகளும் இருந்தன. அவன் ஒரு கம்பெனியில் டீம் லீட். யார் ஆடினாலும் ஆட்டம் முடிந்ததும் அப்ரைசல் மாதிரி உட்கார வைத்துச் சொல்வான். முதலில் ஒரு நல்லது, நடுவில் ஒரு கெட்டது, கடைசியில் ஒரு நல்லது. பிரவினிடம், "ஃபோர்ஹேண்ட் அருமை. பேக்ஹேண்ட் பார்த்தா வீடு கூட்டுற மாதிரி இருக்கு. ஆனா நல்லா ஓடுற" என்பான். எனக்கு மட்டும் மூன்றுமே நல்லது.

"டாஸ் சூப்பர் மச்சான். முழங்கை சூப்பர். அப்படியே போடு."

என் டாஸ் சூப்பர் இல்லை. சர்வுக்காகத் தூக்கிப் போடும் பந்து ஒவ்வொரு முறையும் தலைக்குப் பின்னால் போகிறது. அது எனக்குத் தெரியும்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். எதைக் கொடுத்தாலும் 'சரி' என்று பதில் வருகிற நிரலை நாங்கள் நம்புவதில்லை. வேண்டுமென்றே தப்பான ஒன்றைக் கொடுத்துப் பார்ப்போம்.

சனிக்கிழமை மாலை செங்கல்வராயனுக்கு எதிரே நின்று, வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி ஒன்றரை அடி நீளமாகப் போட்டேன்.

"உள்ள."

அடுத்து ஆடியவன் பிரவின். எனக்கு முன்னால் இரண்டாம் இடத்தில் இருந்தவன். போன மாதம்தான் என்னிடம் அந்த இடத்தை இழந்தான். அவனுக்குப் பக்கவாட்டில் போட்டேன். ஓரக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தள்ளி விழுந்தது. பிரவின் பந்தைப் பார்த்தான். பிறகு, வெளியே நின்ற ஜோயலைப் பார்த்தான்.

"இன்" என்றான்.

பந்தைப் பார்த்தது சரி. ஜோயலை எதற்குப் பார்த்தான்?

அன்று ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். வேண்டா என்பவள் கோர்ட்டைப் பூட்ட வந்தாள். நாற்பது வயது இருக்கும். எங்கள் அடுக்ககத்தில் சுத்தம் செய்கிறவள். பக்கத்தில் வேலை நடக்கும் கட்டடத்திலிருந்து புழுதி வருவதால், ஆட்டத்துக்கு முன் தினமும் கோர்ட்டில் தண்ணீர் தெளிப்பாள். ஈரத்தில் பந்து பட்ட தடம் வட்டமாகப் பதியும். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தடங்களைக் கூட்டித் தள்ளுவதும் அவள்தான்.

"ஒண்ணு கேக்கணும். நான் போடுற பந்து எங்க விழுது?"

அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

"இன்னா சார், கேலி பண்றியா?"

"இல்ல. நெஜமாத்தான் கேக்கறேன்."

"பாதி வெளியதான் கீது. நான்தான் டெய்லி பெருக்குறேனே. உன் பந்து தடம் மட்டும் கோட்டுக்கு அந்தாண்ட கொத்தா கெடக்கும். அவுங்க உள்ள உள்ளன்னு கத்திகினு இருப்பாங்க. நான் ஒருவேள உங்க ஆட்டத்துல அதான் போலன்னு நெனச்சேன்."

"ஏன் அப்படிச் சொல்றாங்கன்னு தெரியுமா?"

"அத அவுங்களாண்ட கேளு சார். என்ன எதுக்கு மாட்டி வுடுற?"

மாட்டிவிட ஏதோ இருக்கிறது என்று புரிந்தது.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு நான் மட்டும் கோர்ட்டுக்குப் போனேன். வேலிக் கம்பியில் போனைக் கட்டினேன். நாற்பது சர்வ் போட்டேன். வேண்டாவிடம் சொல்லி முன்னாலேயே தண்ணீர் தெளிக்க வைத்திருந்தேன்; அந்த ஈரத்தில் தடங்களை எண்ணினேன். உள்ளே விழுந்தவை ஒன்பது.

நாற்பதுக்கு ஒன்பது. இந்த சர்வை வைத்துத்தான் பன்னிரண்டு பேரைத் தாண்டி வந்திருக்கிறேன்.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். டாஸ் பின்னால் போகிறது. அதைத் துரத்தி முதுகு வளைகிறது. முழங்கை தாழ்ந்துவிடுகிறது. மட்டை பந்தின் அடியில் பட்டு அதைத் தூக்கிவிடுகிறது. அதனால்தான் எல்லாம் நீளமாகப் போகின்றன. ஆறு மாதத்தில் ஒருவராவது இதைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான்.

மட்டையை இடது காலுக்கு ஓரடி முன்னால் தரையில் வைத்தேன். பந்தை அடிக்காமல் தூக்கி மட்டும் போட்டேன். அது மட்டையின் மேல் வந்து விழ வேண்டும். தினமும் நூறு முறை. பிறகு நாற்பது சர்வ், பிறகு வீடியோ. வேண்டா கூட்டிக்கொண்டே தடங்களைப் பார்த்துச் சொல்வாள்.

"வெளிய." "வெளிய." "இது உள்ள." "இது வலைய தாண்டவே இல்ல சார், இதுக்கும் நான் சொல்லணுமா?"

மூன்று வாரத்தில் ஒன்பது இருபத்திரண்டு ஆனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் பழைய மாதிரியே தப்பாகப் போட்டேன். அவர்களும் பழைய மாதிரியே "உள்ள" என்றார்கள். யார் எப்போது யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஜோயலைப் பார்த்தார்கள்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஜோயல் என்னைக் காரில் மாமல்லபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அந்த ரிசார்ட் கோர்ட் கடலை ஒட்டி இருக்கிறது. ஒரு தடவை ஆடிப் பார்த்தால் நல்லது என்றான். வழியில் கோவளம் தாண்டும்வரை அவன்தான் பேசினான். ஜெர்ஸிக்கு என்ன நிறம் என்று கேட்டான். எதுவாக இருந்தாலும் சரி என்றேன்.

அங்கே காற்று பலமாக இருந்தது. நான் தூக்கிய பந்தைக் காற்று கடத்திக்கொண்டு போய், பின்னால் இரண்டடி தள்ளிப் போட்டது. நான் மட்டையை வீசவே இல்லை. பந்து தரையில் விழுந்து உருண்டது.

"டாஸ் சூப்பர் மச்சான்" என்றான் ஜோயல்.

நான் வலை வரைக்கும் நடந்து போனேன்.

"இப்ப என்ன சூப்பர்?"

"உயரம் நல்லா வந்துச்சு."

"ஜோயல், மூணு வாரம் முன்னாடி ஒரு நாள் காலைல நான் நாப்பது போட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான் உள்ள விழுந்துச்சு. நீங்க எத்தனை பேர் சேந்து பொய் சொல்றீங்க?"

அவன் மட்டையின் நரம்புகளைச் சரி செய்தான். அவை சரியாகத்தான் இருந்தன.

"எல்லாரும்" என்றான்.

"எப்பலேருந்து?"

"நீ எட்டு டபுள் ஃபால்ட் போட்டுட்டுப் போனியே, அந்த நாள்லேருந்து. நீ பாதியில போயிட்ட. கொஞ்ச நேரத்துல செங்கல்வராயன் அண்ணாத்த மேல பார்த்தார். பன்னெண்டாவது மாடிக்கு மேல, மொட்டை மாடி சுவர்ல பாதி உடம்பு வெளிய தொங்கற மாதிரி நின்னுட்டிருந்த. நாங்க நாலு பேரு படியில ஓடி வந்தோம், லிஃப்ட்டுக்குக்கூட நிக்கல. நாங்க மேல வர்றதுக்குள்ள நீ இறங்கி வீட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்திட்ட. டி.வி. சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மணி அடிக்கப் பயமா இருந்துச்சு."

எனக்கு நினைவு வந்தது.

"குழாய்ல தண்ணி வரல" என்றேன். "டேங்கர் லாரி வந்துருச்சான்னு பார்க்க மேல போனேன். கேட் அந்தப் பக்கம் இருக்கு. எட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

ஜோயல் என்னைப் பார்த்தான்.

"லாரியா?"

"லாரி."

"லாரி மட்டும்தானா மச்சான்?"

"லாரி மட்டும்தான்."

நம்பினானா என்று தெரியவில்லை. நம்பாத மாதிரிதான் இருந்தது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். அன்றைக்கே தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு. நான் இல்லாத குழு. யார் எந்த நாள் என் வீட்டு மணி அடிப்பது என்று பட்டியல். என் பந்து எங்கே விழுந்தாலும் உள்ளே. முதலில் ஒரு மாதத்துக்குத்தான் என்று முடிவு செய்தார்களாம். நான் மேலே ஏற ஏற நிறுத்தப் பயந்துவிட்டார்களாம்.

"பிரவினுமா?"

"அவன்தான் முதல்ல ஒத்துக்கல. மூணு வருஷமா இந்தப் போட்டிக்குப் போகணும்னு இருக்கான். அப்புறம் அவனே உன்கிட்ட தோத்தான்."

ஒரு டேங்கர் லாரிக்காகப் பதினைந்து பேர் ஆறு மாதம் பொய் சொல்லியிருக்கிறார்கள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பத்து மாதமாக எதுவும் வருவதில்லை.

"ஞாயித்துக்கிழமை பிரவினை ஆட வரச் சொல்லு" என்றேன். "விழுந்த எடத்தச் சொல்லணும். ஜெயிக்கிறவன் உன்கூட வருவான்."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆட்டம். ஜோயலும் செங்கல்வராயனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு செட்தான்.

முதல் சர்வ் நீளமாகப் போனது. பிரவின் வழக்கம்போல ஜோயல் பக்கம் திரும்பப் போனான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அவுட்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

அவுட்தான். அடுத்ததும் அவுட். ஆனால் அந்த மூன்று வாரம் வீண் போகவில்லை. டாஸ் முன்னால் விழத் தொடங்கியதும் சர்வ் உள்ளே போனது. பிரவின் இரண்டை வலையில் அடித்தான். அவன் அவுட் என்று சொன்னதெல்லாம் அவுட்தான் என்று நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஆட்டம் மூன்றுக்கு மூன்று வந்தது.

ஏழாவது கேம், முப்பது–முப்பது. டாஸ் எங்கே வேண்டுமோ அங்கே நின்றது. கை முழுதாக நீண்டது. பந்து கோட்டின் மேல் விழுந்து வழுக்கியது.

"அவுட்" என்றான் பிரவின்.

"கோட்டுல விழுந்துச்சு."

"அவுட்."

"பிரவின், அது கோட்டுல விழுந்துச்சு."

"என் பக்கம். நான்தான் சொல்லணும். விழுந்த எடத்தச் சொல்லுன்னு நீதான கேட்ட?"

"அதான் எனக்குச் சந்தேகம். விழுந்த எடத்தச் சொல்றியா, இல்ல நான் கேட்டேனேன்னு சும்மா அவுட்டுன்னு சொல்றியா?"

பிரவின் வலை வரைக்கும் வந்தான். நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

"ஆறு மாசமா உன் குப்பை சர்வ எல்லாம் உள்ள உள்ளன்னு சொல்லி என் எடத்தயே உனக்குத் தூக்கிக் குடுத்தேன். இப்ப வந்து என்ன திருடன்ற?"

"நான் குடுக்கச் சொல்லலயே. குடுத்தது உன் தப்பு."

"ஆமாடா, தப்புதான். நீ செத்துப் போயிருவன்னு நெனச்சேன் பாரு, அது என் தப்புதான்டா."

பெஞ்சில் ஜோயல் எழுந்து நின்றுவிட்டான். பத்து மாதத்தில் யாரும் என்னை 'டா' போட்டதில்லை. என் காது சூடானது. மட்டையை வலையில் ஓங்கி அடித்தேன்.

"கோட்டுலதான்டா விழுந்துச்சு, கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடு."

"எனக்குக் கண்ணாடியா? உன் பல்லு பேந்துரும்."

"இன்னாப்பா," என்றார் செங்கல்வராயன் பெஞ்சிலிருந்து, "ஆடறீங்களா, இல்ல கோர்ட்ட காதுகுத்துக்கு வாடகைக்கு வுட்றலாமா?"

ஜோயல் வேலிக்குள் வரப் பார்த்தான். செங்கல்வராயன் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பந்து பிரவினின் பக்கத்தில் விழுந்தது. தீர்ப்பு அவனுடையது. நான் திரும்பிப் போய் இரண்டாவது சர்வைப் போட்டேன். அவன் அதைத் திருப்பி அடித்த வேகம், இந்த ஆறு மாதத்தில் நான் பார்க்காதது. என்னால் தொடக்கூட முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் எனக்கு ஒரு கேம் கூடத் தரவில்லை. ஆறு–மூன்று. நானும் ஒவ்வொரு பந்துக்கும் ஓடினேன். கடைசிப் பந்துக்கு விழுந்து முழங்கால் தேய்ந்தது.

வலையருகே கை கொடுத்தோம்.

"அது கோட்டுலதான் விழுந்துச்சு" என்றேன்.

"போடா" என்றான் பிரவின்.