நான்கு முகப்பும் நாற்பது சொல்லும்

சிவநேசனுக்கு ஜப்பானிய மொழியில் நாற்பது சொற்கள் தெரியும். சரக்குக் கப்பலில் நாலு வருடம் வேலை செய்தபோது துறைமுகங்களில் பொறுக்கியவை. அவற்றில் பதினொன்று சாப்பாட்டுப் பெயர்கள், ஆறு கயிறு சம்பந்தப்பட்டவை, மூன்று, பெண்கள் முன்னால் சொல்லக்கூடாதவை. இந்த நாற்பதை வைத்துக்கொண்டு 1987ஆம் ஆண்டு சுவிஸின் வில் நகரில் அவன் மொழிபெயர்ப்பாளன் ஆனான்.

அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. காரைநகரில் பிறந்து, கப்பலேறி, பிறகு அகதியாக சுவிஸுக்கு வந்து, வழக்கு முடியாமல் காத்திருந்தான். பெரியப்பா மகன் குலேந்திரனும் அவருடைய மனைவி தில்லைநாயகியும் மூன்றாம் மாடியில் ஒரு வீடு எடுத்திருந்தார்கள். அதில் ஓர் அறை அவனுக்கு. ஸ்டேஷனுக்குப் பக்கத்து உணவகமொன்றில் கோப்பை கழுவினான். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டரையிலிருந்து ஐந்து மணி வரை வேலையில்லை. அந்த ஓய்வு நேரத்தில், புதன்கிழமைகளில், நிலக்கீழறையில் வீட்டாரின் உடுப்புகளைத் தோய்ப்பது அவன் பொறுப்பு. அந்தக் கட்டடத்தில் தோய்க்கும் இயந்திரத்துக்கு முறை உண்டு. யாருக்கு எந்தக் கிழமை என்று கதவில் ஒட்டியிருக்கும். முறையைத் தவறவிட்டால் அடுத்த புதன் வரை அழுக்கோடுதான்.

ஜனவரி மாதப் புதன்கிழமையொன்றில் கூடையோடு இறங்கியபோது, முதலாம் மாடிக் கதவுக்கு அப்பாலிருந்து ஒரு குரல், "ஒஹாயோ கொசாய்மஸ்" என்றது. ஜப்பானியக் காலை வணக்கம். சிவநேசன் யோசிக்கவில்லை. "ஒஹாயோ" என்று உரக்கப் பதில் சொல்லிவிட்டான்.

கதவு திறந்தது. ஆறடி உயரத்தில் ஹெர் எக்லி நின்றார். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். படியில் கண்டால் "குருயெட்சி" என்ற சுவிஸ் வணக்கத்துக்கு மேல் பேசாதவர். அன்று கூடையையும் அவனையும் சேர்த்து உள்ளே இழுக்காத குறை.

"உங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியுமா?"

"கொஞ்சம்" என்றான் சிவநேசன் அரைகுறை ஜெர்மனில். அதுவரைக்கும் அது உண்மைதான்.

எக்லியின் வரவேற்பறை முழுவதும் வீடியோக் கசெட்டுகள். ஆனால் ஒன்றிலும் படமில்லை, பாட்டில்லை, விளையாட்டுமில்லை. தொலைக்காட்சி நிலையங்கள் காலையில் ஒளிபரப்பைத் தொடங்கும்போது, இது இன்ன நிலையம் என்று தம் பெயரைச் சொல்லிக் காட்டும் அரை நிமிட முகப்புகள் மாத்திரம். நாடு வாரியாக, ஆண்டு வாரியாக அடுக்கியிருந்தார். கூர், ஷாஃப்ஹவுசன் ஆகிய ஊர்களில் இதே பித்துப் பிடித்த ஏழு பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து சங்கம் நடத்தினார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு செய்தித் தாளும் அச்சடித்தார்கள்.

அந்த வாரம் வந்தது அவர் சேகரிப்பிலேயே அருமையான கசெட். ஜப்பானின் வட கரையில் மினசாகி என்ற சின்னத் துறைமுக நகரம், அங்கே ஒரு சின்ன நிலையம். அதன் நான்கு முகப்புகளும் ஒரே நாடாவில். ஜப்பானிய நாடா இங்கத்தைய பெட்டியில் ஓடாது என்பதால் இரண்டு முறைக்கும் ஓடும் பெட்டி ஒன்றை அதற்கென்றே வாங்கியிருந்தார்.

முதலாவது 1962இல் வந்தது. கறுப்பு வெள்ளை. தூரிகையால் வரைந்த ஒரு அட்டை, அதில் கோபுரமும் மூன்று அலைகளும். பின்னால் பியானோ. அட்டை லேசாக நடுங்கும். கீழ் மூலையில் அதைப் பிடித்திருப்பவரின் பெருவிரல் தெரியும். இரண்டாவது 1969. நிலையத்துக்கு வர்ணம் வந்துவிட்டது, அதை ஊருக்குக் காட்டவேண்டாமா? ஐந்து வர்ணத்தில் ஐந்து இதழ்கள் விரிந்து சுற்றின. மூன்றாவது 1976. படகிலிருந்து எடுத்த உண்மையான படம். வாயிலின் இரண்டு விளக்குக் கோபுரங்களுக்கு நடுவே துறைமுகத்துக்குள் நுழைந்து, மலையையும் அதன்மேல் நிற்கும் ஒளிபரப்புக் கோபுரத்தையும் காட்டியது. நான்காவது 1984. கணினி வந்துவிட்டது. வெள்ளி எழுத்துகள் வானத்திலிருந்து பறந்து வந்து மோதி நின்றன.

"அந்தக் குரல் என்ன சொல்கிறது?" என்று கேட்டார் எக்லி. பென்சிலைக் கூராக்கி வைத்திருந்தார்.

வணக்கத்துக்குப் பிறகு சிவநேசனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் முன்னால் ஆப்பிள் கேக் இருந்தது, கோப்பி இருந்தது, "ஹெர் சிவநேசன்" என்ற மரியாதை அழைப்பும் இருந்தது. உணவகத்தில் அவனை யாரும் ஹெர் என்று அழைத்ததில்லை.

"இண்டைக்குக் கடல் அமைதி, புறப்படலாம் எண்டு சொல்லுது" என்றான்.

எக்லி எழுதினார். அடுத்த புதன் இதழ்களுக்கு, "பூப் பூத்திட்டுது, வீட்டில இருக்கிறவை எழும்புங்கோ." அதற்கடுத்த புதன் படகுக்கு, "கடலுக்குப் போனவை திரும்பி வாங்கோ, சோறு ஆயத்தம்." பறக்கும் எழுத்துகளுக்கு ஒன்றும் தோன்றாமல், "நாங்கள் உங்களை விட்டுப் போகமாட்டம்" என்றான்.

எக்லி தொழில்நுட்பக்காரர். ஒருநாள் பென்சிலை வைத்துவிட்டு, "நான்கு முகப்பிலும் குரல் ஒரே விடயத்தைச் சொல்வதுபோலக் கேட்கிறதே" என்றார்.

"அந்த மொழி அப்படித்தான். சொல்லு ஒண்டுதான். படத்தைப் பொறுத்துக் கருத்து மாறும்."

"கிரோவத்தோ என்று வருகிறது. கிலோவாட்டாக இருக்குமோ?"

"இல்லை, இல்லை. கிரோ எண்டால் வீட்டுக்கு வா. வத்தோ எண்டால் எல்லாரும்."

எக்லி அதையும் எழுதிக்கொண்டார்.

வசந்தகாலத் தாளில் நாலு பக்கக் கட்டுரை வந்தது. 'மினசாகி: கடலோடு பேசும் நிலையம்.' கீழே, மொழிபெயர்ப்பு எஸ். சிவநேசன். குலேந்திரன் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். தில்லைநாயகி சட்டத்தையும் சிவநேசனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தம்பி, உமக்கு இவ்வளவு ஜப்பான் பாஷை தெரியும் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு."

"கொஞ்சம்தான் அண்ணி."

"நாலு பக்கம் வந்திருக்கு. நிறையத் தெரிஞ்சிருந்தால் புத்தகமே வந்திருக்கும்."

ஜூன் மாதத்தில் எக்லி ஒரு கடிதத்தோடு மூன்று மாடியும் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது, முகம் மலர்ந்திருந்தது. மினசாகி நிலையத்தின் சித்திரப் பிரிவில் வேலை செய்யும் ஹொசோதா என்ற அம்மா ஐரோப்பாவுக்குச் சுற்றுலா வருகிறாராம். சூரிச்சில் ஒரு நாள் ஓய்வு, அன்று வில்லுக்கு வருவாராம். சனிக்கிழமை இரண்டு மணிக்குச் சங்கம் முழுவதும் எக்லியின் வீட்டில் கூடும். ஹெர் சிவநேசன் உணவகத்தில் விடுப்புக் கேட்டு, மொழிபெயர்ப்பாளராக முன்வரிசையில் இருக்கவேண்டும்.

அவர் இறங்கிப் போனதும் சிவநேசன் கதிரையில் இருந்தான். இருந்தவன் எழும்பவில்லை. உண்மை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குலேந்திரன் சட்டத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

"சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுவம் அண்ணி."

"காய்ச்சல் எண்டால் அந்த மனுசன் எலுமிச்சங்காய்த் தேத்தண்ணியோட மேல வருவார். அவற்ற முகத்தை நான் பாக்க ஏலாது. நீர் போய்ச் சொல்லிப்போட்டு வாரும். நானும் வாறன். வடை சுட்டுக்கொண்டு வாறன். ஏச்சு விழேக்க வாய்க்குள்ள ஏதும் இருந்தால் நல்லம்."

சனிக்கிழமை கூட்டத்துக்கு முன் எப்படியாவது எக்லியிடம் தனியாகச் சொல்லிவிடுவது என்றுதான் சிவநேசன் இறங்கினான். ஆனால் எக்லி கழுத்துப்பட்டி கட்டி, கதிரைகளை வரிசையாக வைத்து, ஹொசோதா அம்மாவையும் ஏற்கெனவே உள்ளே அழைத்து வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, கட்டையான, சுறுசுறுப்பான பெண். எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். சிவநேசன் எல்லோரையும்விடக் கூடுதலாகக் குனிந்தான்.

எக்லி தன் கட்டுரையை ஆங்கிலத்தில் வாசித்தார். கடல் அமைதி, பூக்கள், சோறு, ஒன்றையும் விடவில்லை. ஹொசோதா அம்மா ஒவ்வொரு வரிக்கும் "ஹாய், ஹாய்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அதற்கு ஒப்புக்கொள்கிறேன் என்றல்ல, கேட்கிறேன் என்பதுதான் கருத்து. அது சிவநேசனின் நாற்பதில் ஒன்று. எக்லிக்குத் தெரியாததால் அவர் மேலும் மேலும் மகிழ்ந்தார்.

வாசித்து முடிந்ததும் ஷாஃப்ஹவுசன்காரர் கேட்டார், "மொழிபெயர்ப்புச் சரிதானா, அம்மா?"

ஹொசோதா அம்மா இன்னொருமுறை குனிந்தார். "மிக அழகாக இருக்கிறது" என்றார்.

"ஆனால்?"

"ஆனால் குரல் அதைச் சொல்லவில்லை. காலை வணக்கம், நிலையத்தின் பெயர், அலைவரிசை எண், பரப்பும் வலு இத்தனை கிலோவாட். நான்கிலும் அதேதான். சட்டப்படி சொல்லவேண்டும்."

தில்லைநாயகிக்கு அதில் விளங்கியது கிலோவாட் ஒன்றுதான். அது போதுமாயிருந்தது. வடைத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

எக்லி கண்ணாடியைக் கழற்றினார். "கிலோவாட்" என்றார். "நான் கேட்டேன்."

சிவநேசன் எழும்பினான். "எனக்கு அந்த மொழி தெரியாது. நாப்பது சொல்லுத்தான் தெரியும். மிச்சம் நான் சொன்னது."

"தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஓம். எல்லா ஓஃபிசிலயும் கேள்வி கேக்கக் கேக்க, தெரியாது தெரியாது எண்டே சொல்லிக்கொண்டு இருக்கிறன். நீங்கள் எனக்குத் தெரியும் எண்டு நினைச்சுக் கேட்டீங்கள். அது நல்லா இருந்தது."

கோபம் வந்தால் எக்லிக்குக் காதுதான் சிவக்கும். இரண்டும் சிவந்திருந்தன. போய் நாடாவை ஓடவிட்டார். சிவநேசன் யாருடைய முகத்தையும் பார்க்க முடியாமல் சுவரோடு நின்று திரையையே பார்த்தான். அட்டை போனது, இதழ்கள் போயின, படகு துறைமுகத்துக்குள் நுழைந்தது. இத்தனை நாளும் அந்தக் குரலையே கவனித்து என்ன பொய் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தவன், அன்றுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தான்.

"இது மாறிக் கிடக்கு" என்றான்.

"இன்றைக்குப் போதும், ஹெர் சிவநேசன்" என்றார் எக்லி.

"இல்லை, பாருங்கோ. ஜப்பானில படகு உள்ளுக்க வரேக்க சிவப்பு விளக்குக் கோபுரம் வலக்கைப் பக்கம் இருக்கும், வெள்ளை இடக்கைப் பக்கம். எல்லாத் துறைமுகத்திலயும் அப்படித்தான். நான் எத்தினை தரம் வந்திருக்கிறன். இஞ்ச சிவப்பு இடப்பக்கம் நிக்குது. இப்படி நம்பி வந்தால் கப்பல் கல்லில ஏறும்." அவன் அதையே கப்பல் ஆங்கிலத்தில் ஹொசோதா அம்மாவுக்கும் சொன்னான்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. எட்டுச் சுவிஸ்காரரும் காத்திருந்தார்கள்.

கதை இதுதான். படம் எடுத்து வந்து பார்த்தபோது மலை வலப்பக்கம் விழுந்திருந்தது. நிலையத்தின் பெயரை எழுத அந்த இடம்தான் வேண்டும். பிரிவுத் தலைவர் ஃபிலிமைத் திருப்பிப் போடச் சொன்னார். முதலாவது அட்டையில் தெரிந்த பெருவிரல் அந்தத் தலைவருடையதுதானாம். மலை இடப்பக்கம் போனது, பெயர் வலப்பக்கம் அழகாக இருந்தது. ஒளிபரப்பான முதல் காலையே மீன்பிடிச் சங்கத்திலிருந்து தொலைபேசி. கலை நோக்கம் என்று பதில் சொன்னார்கள். மீனவர்கள் எட்டு வருடம் விடாமல் கடிதம் எழுதினார்கள். இரண்டு பேர் நிலையத்துக்கே வந்து, தலைவரைப் படகில் ஏற்றிக் காட்டுகிறோம் என்று நின்றார்கள். கடைசியில் தலைவர் அலுத்துப்போய், இனித் துறைமுகமும் வேண்டாம் மலையும் வேண்டாம், இடமும் வலமும் இல்லாத எதையாவது செய்யுங்கள் என்றார். அப்படித்தான் வானத்தில் வெள்ளி எழுத்துகள் பறந்தன.

"ஃபிலிமைத் திருப்பிப் போட்டது நான்" என்றார் ஹொசோதா அம்மா. "எங்கள் ஊருக்கு வெளியே இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் இவர்."

சங்கத்தார் நாடாவைப் பின்னோக்கி ஓட்டி மூன்றுமுறை பார்த்தார்கள். கூர்க்காரர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி கேட்டு வாங்கித் திரைக்கு எதிரே பிடித்தார். எக்லி மாத்திரம் கதிரையில் இருந்து ஏதோ எழுதினார். காதின் சிவப்பு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தில்லைநாயகி தருணம் பார்த்து வடைத் தட்டை நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்து, கடித்து, உறைத்து, தண்ணீர் குடித்து, இன்னொன்றை எடுத்தார்.

எக்லி பிழையைப் பிழையாகவே விடுகிற ஆளல்ல. அடுத்த தாளின் முதல் பக்கத்தில் திருத்தம் வந்தது. வசந்தகால இதழில் வெளியான மொழிபெயர்ப்பு முழுவதும் தவறு, மொழிபெயர்ப்பாளர் எஸ். சிவநேசன். அதன் கீழே அதே அளவு எழுத்தில், 1976ஆம் ஆண்டு முகப்பு இடம்வலம் மாறியது, கண்டுபிடித்தவர் எஸ். சிவநேசன். குலேந்திரன் பழைய சட்டத்தில் இதை மாட்டலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தார். தில்லைநாயகி முடிவு செய்து ஆணி அடித்தாள்.

வில்லில் இருந்த தமிழர்கள் வேறுவிதமாகப் பதிவு செய்தார்கள். அவனுக்குக் 'கிலோவாட்' என்று பட்டம் வைத்தார்கள். கோயில் பூசைக்கு வாடகை மண்டபத்தில் கூடியபோது, "கிலோவாட், வீட்டுக்கு வா எல்லாரும்" என்று யாராவது கூப்பிடுவார்கள். அவன் கோபிப்பதில்லை.

புதன்கிழமைகளில் மீண்டும் ஆப்பிள் கேக் கிடைக்கக் கோடை முழுவதும் சென்றது. செப்டெம்பரில் எக்லி, தோய்க்கும் இயந்திரத்தடியில் வந்து நின்று, நோர்வேயிலிருந்து ஒரு நாடா வந்திருக்கிறது, துறைமுகப் படம், நேரமிருக்கிறதா என்று கேட்டார். சிவநேசன் மேலே போனான். குரல் ஏதோ சொன்னது. எக்லி அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. பென்சிலை எடுத்து, "சரியான பக்கமா?" என்று மட்டும் கேட்டார்.

சிவநேசன் மூன்று தரம் பார்த்தான். "பக்கம் சரி" என்றான். எக்லி எழுதினார்.

"ஆனால் அந்தக் கப்பலில கயிறு கட்டியிருக்கிற விதம் பிழை. இப்படிக் கட்டினால் விடியிறதுக்குள்ள அவிழ்ந்துபோம்."

எக்லி பென்சிலை நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கேக்கை அவன் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, "அதை நான் வேறொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்" என்றார்.